இரவல் தொண்டை

தோஹா
18.06.2023

அன்புள்ள அண்ணிக்கு,

செங்கொடி எழுதுவது. நான் இங்கே நலம். அங்கே நீங்கள், அண்ணன், அம்மா, நிலவன் எல்லோரும் நலமா? அம்மாவின் முட்டி வலி குறைந்ததா? அண்ணன் இருமலுக்கு டாக்டரைப் பார்த்தாரா, இல்லை வழக்கம் போல மெடிக்கல் ஷாப்பில் சிரப் வாங்கிக் குடித்துவிட்டு இருக்கிறாரா?

தினமும் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன் எடுத்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். காலடிப்பேட்டையே கேட்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் நிலவன் எழுத்துக்கூட்டி அண்ணனுக்குப் படித்துக் காட்டுகிறான். அதனால்தான் நீங்கள் வேலை செய்யும் கன்டெய்னர் யார்டு விலாசத்துக்கு எழுதுகிறேன். நம் இருவருக்கு மட்டும் தெரிந்தது நம்மோடு இருக்கட்டும். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

ஹோட்டலில் ஏழு ரெஸ்டாரண்ட். ஏழுக்கும் டேபிள் புக் செய்வது எங்கள் ஒரே அறைதான். தரைக்குக் கீழே இருக்கிறது, ஜன்னல் கிடையாது. போன் எடுத்ததும் பெயர், எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, பிறந்தநாளா, கல்யாண நாளா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். "கடல் பக்கம் டேபிள் போடட்டுமா?" என்று நாள் முழுக்கக் கேட்கிறேன். அந்தக் கடலை நான் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

என் பெயர் இவர்கள் வாயில் நுழையவில்லை. 'சென்' ஆக்கிவிட்டார்கள். என் அப்பா, யூனியன்காரர் சுப்பராயன், ஆசை ஆசையாக வைத்த பெயர். அப்பா இருந்திருந்தால் இந்த ஹோட்டல் வாசலிலேயே உட்கார்ந்து கோஷம் போட்டிருப்பார்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செங்கொடி


காலடிப்பேட்டை
09.07.2023

கொடிக்கு,

அண்ணி எழுதுவது. எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். அத்தை முட்டிக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்து வீடே தைலக் கடை மாதிரி நாறுகிறது. உன் அண்ணன் இருமல் அப்படியேதான். நீ வேளைக்குச் சாப்பிடு. ஏசியில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு உட்காராதே.

கிழிக்கச் சொன்னாய், கிழித்துவிட்டேன். ஆனால் மனசில் இருப்பதை எப்படிக் கிழிப்பது?

அன்றைக்கு மத்தியானம் ஹோட்டலிலிருந்து இன்டர்வியூ போன் வந்ததும் நீ வெலவெலத்துப் போய், "அண்ணி, எனக்கு வாயே வரல, நீங்க பேசுங்க" என்று என் கையில் திணித்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாய். மீன் கழுவிக்கொண்டிருந்த கையோடு நான் பேசினேன். நிலவன் பிறக்கும் வரை கால் சென்டரில் தேய்த்த இங்கிலீஷ். இத்தனை வருஷத்தில் துருப்பிடித்திருக்கும் என்று நினைத்தேன். ஒரு சொல் பிசகவில்லை. பேசியது எழில்மொழி, செலக்ட் ஆனது செங்கொடி.

இப்போது அத்தை ரேஷன் கடை க்யூவில் நின்றுகொண்டு, "எம் பொண்ணு இங்கிலீஷ்ல பேசியே வேலை வாங்கிகினா. அங்க கீறவங்க அப்டியே ஆடிப் பூட்டாங்களாம்" என்கிறார். நான் பக்கத்தில் பாமாயில் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது.

அப்புறம் யார்டுக்குப் போய் மைக்கைப் பிடிக்கிறேன். டிரெய்லர் நம்பரைச் சொல்லி, மூணாம் கேட்டுக்கு வரவும், நாலாம் கேட்டுக்கு வரவும் என்று சாயங்காலம் வரை கத்தல். நீ ஷேக்குக்கு டேபிள் போடுகிறாய், நான் லாரிக்கு கேட் போடுகிறேன். எண்ணூர் ரோட்டுத் தூசி முழுக்க என் தொண்டையில்தான் இறங்குகிறது.

பொறாமையா என்று கேட்காதே. ஆமாம். வயிறு எரிகிறது. அன்றைக்கு உன் அண்ணன், "புள்ளைய உட்டுட்டுப் போவியா நீ?" என்று ஒரு கேள்வி கேட்டார், நான் வாயை மூடிக்கொண்டேன். இல்லையென்றால் என் பெயரிலேயே பேசியிருப்பேன்.

சரி, வேலை விஷயத்துக்கு வருகிறேன். போன் எடுக்கும்போது சிரித்துக்கொண்டே எடு, சிரிப்பு குரலில் தெரியும். நம்பர் சொல்லும்போது இழுத்துச் சொல். யாருக்காவது சந்தேகம் வந்ததா? அதை மட்டும் மறைக்காமல் எழுது.

அண்ணி,
எழில்மொழி


தோஹா
20.08.2023

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலனறிய ஆசை. நிலவனுக்குக் காய்ச்சல் என்று அம்மா சொன்னார். இப்போது தேவலையா?

வேலை பழகிவிட்டது. நேற்று ஒருவர் போன் செய்து, போன தடவை உட்கார்ந்த அதே டேபிள் வேண்டும், மனைவிக்குத் தெரியாமல் கேக் வரவேண்டும், ஆனால் பாட்டு மட்டும் பாடக் கூடாது என்றார். எல்லாவற்றையும் குறிப்பில் ஏற்றினேன். இங்கே ஒருவர் என்ன சொன்னாலும் அவர் பெயருக்குக் கீழே குறிப்பில் ஏறிவிடும். அடுத்த தடவை போன் எடுத்ததும் அவருக்கு இறால் ஆகாது என்று நாமே சொன்னால் அசந்துபோகிறார்கள்.

நீங்கள் கேட்ட சந்தேகம் அது இது எல்லாம் ஒன்றும் இல்லை.

ஒன்று எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன். போன வாரம் அம்மாவோடு அரை மணி நேரம் பேசினேன். பாதி நேரம் நீங்கள் வைத்த வஞ்சிரக் குழம்பு பற்றி. மீதி நேரம் நீங்கள் முட்டிக்கு ஒத்தடம் கொடுப்பது பற்றி. கடைசியில், "எழிலு மாதிரி ஒரு பொண்ணு எனக்குப் பொறந்துருக்கணும்" என்றார். அப்புறம் நான் யார் வயிற்றில் பிறந்தேன்? மாதா மாதம் இங்கிருந்து அனுப்புவது நான். பேர் வாங்குவது நீங்கள். இருக்கட்டும்.

அன்புடன்,
செங்கொடி


காலடிப்பேட்டை
15.10.2023

கொடிக்கு,

நிலவன் தேறிவிட்டான், ஸ்கூலுக்குப் போகிறான். உன் உடம்பு எப்படி? போன கடிதத்தில் கைநிறைய மிளகாய்த்தூள் வைத்து அனுப்பியிருந்தாய். பரவாயில்லை, குழம்பு வைக்கும் கைதானே, தாங்கும்.

இங்கே நிலைமை சரியில்லை. உன் அண்ணனுக்கு கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை. அவர் உன்னிடம் சொல்ல மாட்டார். என் யார்டு சம்பளத்தில் வண்டி ஓடுகிறது.

நேற்று ராயபுரத்திலிருந்து ஜெரி வந்திருந்தான். உங்கள் ஹோட்டல் கிச்சனில் வேலை செய்கிறானே, அவன்தான். லீவுக்கு வந்தவன் பேரீச்சம்பழமும் சாக்லேட்டும் கொண்டுவந்து கொடுத்தான். பேச்சுவாக்கில், "ரிசர்வேஷன்ல ஆளு எடுக்கறாங்கக்கா. உள்ள கீறவங்க ஒரு வார்த்தை சொன்னா அந்த ரிசர்வேஷன் மேடம் மொதல்ல அவங்களத்தான் கூப்புடும். செங்கொடிக்குத் தெரியுமே, அவ செக்ஷன் தானே" என்றான்.

அவன் போனதும் உன் அண்ணனே வாய் திறந்தார். "ரெண்டு வருஷம் போயிட்டு வா எழிலு. புள்ளைய நானும் அம்மாவும் பாத்துக்கறோம்." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து 'போ' என்று வந்தது இதுதான் முதல் தடவை.

பாஸ்போர்ட் ரெடி. நீ அந்த மேடத்திடம் என்னைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். உனக்காக நான் எவ்வளவு பேசினேன், எனக்காக நீ ஒரு வார்த்தை பேச மாட்டாயா? பதில் சீக்கிரம் போடு.

அண்ணி,
எழில்மொழி


காலடிப்பேட்டை
27.12.2023

செங்கொடிக்கு,

நலமா என்று கேட்பது முறை, அதனால் கேட்கிறேன்.

பதில் வரும் வரும் என்று தபால்காரர் முகத்தையே பார்த்துப் பார்த்து அவருக்கே வெட்கமாகிவிட்டது. நடுவில் புயல் வந்து போனது. வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். அத்தையைக் கட்டில் மேல் ஏற்றி, கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றினோம். எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் வந்து, யார்டுக்குப் போகும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன். இத்தனைக்கும் நடுவில் போன் செய்தாயே, ஆறு தடவையும், "ஆபீஸ்ல பிஸி அண்ணி, அம்மாகிட்ட குடுங்க" என்றாய்.

நான் கேட்டதற்கு ஆம் இல்லை ஏதாவது ஒன்று சொல். வாயில் கொழுக்கட்டையா?

எழில்மொழி


தோஹா
14.01.2024

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள். புயலின்போது வீட்டை நீங்கள் தனி ஆளாகச் சமாளித்ததை அம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஜெரி சொன்ன இடம் நிரம்பிவிட்டது. வேறு நாட்டுக்காரப் பெண்ணை எடுத்துவிட்டார்கள். அதுவுமில்லாமல், யோசித்துப் பாருங்கள். நீங்கள் கிளம்பிவிட்டால் அம்மாவை யார் பார்ப்பது? அண்ணனுக்கு ஒத்தடம் கொடுக்கத் தெரியுமா? நிலவன் சின்னப் பையன். இங்கே ஒரு அறையில் நான்கு பேர் படுக்கிறோம், உங்களுக்கு ஒத்துவராது. உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

பணம் கொஞ்சம் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
செங்கொடி


காலடிப்பேட்டை
08.02.2024

செங்கொடிக்கு,

நாங்கள் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய்.

ஜெரிக்கு போன் போட்டேன். இடம் நிரம்பவில்லையாம். போன மாதம் கூட நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்களாம். "இன்னாக்கா, அவ சொல்லலயா?" என்று கேட்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வேன்? என் நாத்தனார் என்னை ஒத்தடம் கொடுக்கப் பொறந்தவள் என்று முடிவு செய்துவிட்டாள் என்றா?

உனக்கு உன் அம்மாவைப் பற்றிக் கவலை இல்லை. நான் அங்கே வந்து உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேனோ என்றுதான் கவலை. என் தொண்டையில் ஏறிப் போனவளுக்கு என் நிழலைக் கண்டு பயம். எவ்வளவு கல்நெஞ்சு உனக்கு!

உன் தயவு வேண்டாம். ஹோட்டல் வெப்சைட்டில் நானே அப்ளை செய்தேன். மெயில் வந்துவிட்டது. இந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி போனில் இன்டர்வியூ. இந்தத் தடவை கையில் மீன் நாற்றம் இருக்காது. வேலை கிடைத்தால் விமான நிலையத்துக்குக் கூட நீ வர வேண்டாம்.

எழில்மொழி


தோஹா
20.02.2024

அண்ணி,

எல்லோரும் நலமா? எனக்குத்தான் நலம் இல்லை. எத்தனை தடவை போன் செய்தேன், கட் செய்கிறீர்கள். கூரியரில் அனுப்புகிறேன். தயவு செய்து கடைசி வரை படியுங்கள்.

அந்த இன்டர்வியூவில் பேசாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

இங்கே எல்லா போனும் ரெக்கார்ட் ஆகும். நீங்கள் என் பெயரில் பேசியதும் ரெக்கார்ட் ஆகியிருக்கிறது. புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாள் மேடம் அதைப் போட்டுக் காட்டி, ரிசர்வேஷனில் இப்படித்தான் பேச வேண்டும் என்று பாடம் நடத்துகிறார். நான் சேர்ந்த முதல் நாளே போட்டார். எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் ஒவ்வொரு பேட்ச் வரும்போதும் போடுகிறார். ஒவ்வொரு தடவையும் நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

"சென், இன்டர்வியூவில் இதைவிட நன்றாகப் பேசினாயே, இப்போது என்ன ஆயிற்று?" என்று ஆரம்பத்தில் தினமும் கேட்டார். ஊர் விட்டு வந்த ஏக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன். ராத்திரி போர்வைக்குள் உங்களை மாதிரிப் பேசிப் பார்ப்பேன். வரவே வராது. உங்கள் குரல் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா? நீங்கள் என் மேல் பொறாமை என்று எழுதியபோது சிரிப்புதான் வந்தது. வீட்டில் என் அம்மாவையும் எடுத்துக்கொண்டீர்கள், இங்கே என் பெயரில் வரும் கைத்தட்டலையும் எடுத்துக்கொண்டீர்கள். இன்னும் என்ன மிச்சம்?

மேடத்துக்கு அந்தக் குரல் மனப்பாடம். நீங்கள் இரண்டு வரி பேசினால் போதும், கண்டுபிடித்துவிடுவார். ஆள் மாறாட்டம் என்று என்னை அனுப்பிவிடுவார்கள்.

இன்டர்வியூவில் கடைசியாக ஒரு பரீட்சை வைப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? எங்களில் ஒருவர் விருந்தாளியாக நடித்து போனில் டேபிள் கேட்பார். விருந்தாளி எதைக் கேட்டாலும் 'இல்லை' என்று மட்டும் சொல்லக் கூடாது. வேறு நேரம், வேறு நாள், வேறு ரெஸ்டாரண்ட், எதையாவது கொடுக்க வேண்டும். உங்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அதனால்தான் கேட்கிறேன். நீங்கள் பேசினால் ஜெயித்துவிடுவீர்கள். வேண்டாம் அண்ணி. காலில் விழுந்து கேட்கிறேன்.

செங்கொடி


காலடிப்பேட்டை
03.03.2024

கொடிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கூரியர் இன்டர்வியூவுக்கு முதல் நாளே வந்துவிட்டது. ஒரு ராத்திரி முழுக்கத் திட்டினேன் உன்னை. கை தட்டினார்கள் என்று படித்த இடத்தில் மட்டும் நிறுத்திவிட்டேன். எனக்கு யாரும் கை தட்டி எவ்வளவு காலம் ஆகிறது! அதையும் உனக்குத் தட்டியிருக்கிறார்கள்.

பேசினேன். பேசாமல் இருக்க நான் என்ன புத்தரா? யார்டில் பழைய பில் கட்டுகள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே டிரெய்லர் ஹாரன். மேடம் நாலு கேள்வி கேட்டார். பதில் தானாக வந்தது. அப்புறம், "இப்போது ஒரு விருந்தாளி உங்களோடு பேசுவார்" என்றார்.

முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது நீ என்று. அந்த மேடம் உன்னையே உட்கார வைப்பார் என்று நீயும் நினைத்திருக்க மாட்டாய். பேசியது இங்கிலீஷில்தான், ஆனால் எனக்குத் தமிழிலேயே மனசில் நிற்கிறது.

"இரண்டு பேருக்கு ஒரு டேபிள் வேண்டும். வெள்ளிக்கிழமை, எட்டு மணிக்கு" என்றாய்.

"ஏதாவது விசேஷமா மேடம்?"

"ஒரு சொந்தக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்றாய்.

"குறிப்பில் எழுதிக்கொள்ளட்டுமா?"

"எழுதிக்கொள்ளுங்கள்."

"அவருக்கு ஒத்துக்கொள்ளாதது ஏதாவது உண்டா?"

"அவருக்கு என்னைத்தான் ஒத்துக்கொள்ளாது."

பாவி, சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் உண்மையில் எனக்குள் பொங்கியது வேறு. நீ என்னைக் காப்பியடித்துக்கொண்டிருப்பாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. அது உன் குரல். என்னுடையதைவிடக் கொஞ்சம் கனம், கொஞ்சம் நிதானம். அவசரமே இல்லாத குரல். எனக்கு அப்படிப் பேச வராதடி. எரிந்தது எனக்கு.

'உங்களுக்காக ஏற்பாடு செய்கிறேன் மேடம்.' அந்த ஒரு வரி நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் எனக்கு வேலை, உனக்கு ஊர் திரும்ப டிக்கெட். உன்னைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லை என்று எழுதினால் பொய். மாசக்கணக்காக நீ எனக்கு இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாய். ஒரே ஒரு தடவை உனக்கு நான் சொல்ல வேண்டும் போல இருந்தது.

"மன்னிக்கவும் மேடம். வெள்ளிக்கிழமை டேபிள் இல்லை."

"வேறு நாள்?"

"இல்லை மேடம்."

"வேறு ரெஸ்டாரண்ட்டில்?"

"இல்லை மேடம். உங்களுக்கு எதிலும் இடம் இல்லை."

தேன் மாதிரி சொன்னேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகாக இங்கிலீஷ் பேசியதில்லை. மேடம் நன்றி சொல்லி போனை வைத்துவிட்டார். நான் போய் மைக்கைப் பிடித்து டிரெய்லரைக் கூப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, "இன்னா எழிலு, கண்ணு செவந்து கீது?" என்றார். வெங்காயம் என்றேன். "இன்னிக்கு வெங்காயமே அரியலயேம்மா" என்றார்.

அவ்வளவுதான். உன் நாற்காலியை நீயே வைத்துக்கொள். சாப்பிடு, தூங்கு.

அண்ணி,
எழில்மொழி


தோஹா
06.03.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் அழுததை ஜெரிக்கு அம்மா சொல்லி, அவன் எனக்குச் சொன்னான். நீங்கள் கடிதம் எழுதியிருந்தால் வழியில் இருக்கும். அதற்குக் காத்திருக்க முடியவில்லை, இதையும் கூரியரில் அனுப்புகிறேன்.

நீங்கள் 'எதிலும் இடம் இல்லை' என்று சொன்னதும் மேடம் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "நல்ல குரல். ஆனால் விருந்தாளியிடம் இல்லை என்கிறாள், ஆகாது" என்றார். உங்கள் பெயருக்கு நேரே கோடு போடப் பேனாவை எடுத்தார். அதோடு முடிந்தது. நான் தப்பித்தேன். மூச்சு விட்டேன் அண்ணி, மறைக்கவில்லை, அப்படி ஒரு நிம்மதி.

பேனாவை வைத்துவிட்டு, "இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேனே" என்றார். எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் பேசுவோம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நம்பியிருப்பார். ஆனால் பாத்ரூமுக்குள் தாழ் போட்டுக்கொண்ட அந்த மத்தியானம் மாதிரியே இருந்தது எனக்கு. இன்னொரு தடவை உங்களை வெளியே நிற்க வைத்துவிட்டு நான் உள்ளே ஒளிந்துகொள்ள முடியவில்லை. "நீங்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவது இவர் குரல்தான். என் அண்ணி. அன்றைக்கு எனக்காகப் பேசினார்" என்று சொல்லிவிட்டேன்.

மேடம் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "அப்படியானால் இத்தனை மாதம் என் விருந்தாளிகளிடம் பேசியது யார்?" என்றார்.

"நான்" என்றேன். சொல்லும்போது பயம் வரவில்லை, திமிர்தான் வந்தது. அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது.

விசாரணை நடக்கிறது. முடிவு வரும் வரை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அனுப்பினாலும் அனுப்பலாம். நீங்கள் வேண்டுமென்றுதான் இல்லை என்றீர்கள், ஏன் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதையும் சொன்னேன். மேடம் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "இருவரும் செய்தது தப்பு. ஆனால் அவளோடு நான் ஒரு முறை நேராகப் பேச வேண்டும்" என்று உங்கள் நம்பரைக் கேட்டார். உங்கள் அப்ளிகேஷனில் இருக்கிற நம்பர் யார்டு நம்பர் போலிருக்கிறது. என் போனில் இருப்பதைப் பார்த்து உங்கள் சொந்த நம்பரைக் கொடுத்தேன்.

அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஒருவேளை என் நாற்காலியே உங்களுக்கு வரலாம். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது, கொடுத்த கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனாலும் கொடுத்துவிட்டேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூப்பிடுவார்கள். கோபத்தில் கட் செய்துவிடாதீர்கள். எடுத்ததும் பெயர் கேட்பார்கள் அண்ணி. உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செங்கொடி